கிரீன் மேட் போட்டு லைவ்: நெல்லைப் பக்கத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், கோயில் கொடை, ஆலய ஆராதனை, டியூஷன் சென்டர் வகுப்பு என்று எது வந்தாலும் லைவ் போட்டுக் கொடுப்போம். ஆளுக்குப் பின்னால் பச்சைத் துணி மாட்டி, அந்தப் பச்சைக்குப் பதில் வேறு படத்தைக் காட்டும் கிரீன் மேட் வேலையும் சேர்ந்த பிறகு வாரம் நாலு போனாவது இப்படி வருகிறது: "அண்ணாச்சி, துணி வாங்கி மாட்டிட்டேன். தலையைச் சுத்திப் பச்சைக் கோடா வருது. எந்த செட்டிங்க மாத்தணும்?" எந்த செட்டிங்கையும் இப்போதைக்குத் தொட வேண்டாம், துணியை விட்டு ஆறடி முன்னால் வந்து உட்காருங்கள் என்பேன். பாதிப் பேருக்கு அதோடு பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிப் பேருக்காக இதை எழுதுகிறேன்.

கிரீன் மேட்டில் உண்மையில் நடப்பது என்ன?

படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் மிக்ஸரோ (கேமராப் படங்களை மாற்றவும் கலக்கவும் உதவும் பெட்டி) கம்ப்யூட்டரோ பார்த்து, "இது அந்தப் பச்சையா, இல்லையா?" என்று கேட்கிறது. பச்சை என்றால் அந்த இடத்தை ஓட்டையாக்கிப் பின்னால் வைத்த படத்தைக் காட்டும். இல்லையென்றால் விட்டுவிடும். இரண்டும் கலந்த ஓரங்களில் பாதி ஓட்டை. இதைத்தான் குரோமா கீ, சுருக்கமாகக் கீ என்கிறோம்.

சினிமாவில் இந்த வேலையைப் பிறகு உட்கார்ந்து, ஃப்ரேம் ஃப்ரேமாகத் துடைத்துச் சரிசெய்துகொள்ளலாம். லைவில் நொடிக்கு 25 ஃப்ரேம், ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லிசெகண்ட். துடைப்பதற்கு ஆளும் கிடையாது, நேரமும் கிடையாது. அதனால் லைவில் கீ நன்றாக வருவதும் வராததும் தரையில், துணியிலும் லைட்டிலும், முடிவாகிவிடுகிறது. சாப்ட்வேருக்குக் கடைசி வேலைதான்.

ஏன் பச்சை? நீலத்தில் செய்யக் கூடாதா?

தாராளமாகச் செய்யலாம். ஃபிலிம் காலத்தில் நீலம்தான் ராஜா. நீலத் திரையில் முடியும் கண்ணாடியும்கூட ஓரம் கெடாமல் பிரியும்படி நிறங்களின் வித்தியாசத்தைக் கணக்கிடும் முறையை 1950களில் உருவாக்கியவர் பெட்ரோ விலாஹோஸ். பிறகு அல்டிமேட் என்ற பெயரில் டிவிக்கான கருவிகளைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

டிஜிட்டல் கேமரா வந்ததும் பச்சை முந்திக்கொண்டது. இதற்குக் காரணம் சென்சார். கோடாக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றும் பெரும்பாலான கேமராக்களில் இருக்கிறது. சென்சாரில் வெளிச்சத்தை வாங்கும் நாலு கண்ணில் இரண்டு பச்சைக்கு, ஒன்று சிவப்புக்கு, ஒன்று நீலத்துக்கு. பச்சையில் விவரம் அதிகம், புள்ளிப் புள்ளியான இரைச்சல் குறைவு. எச்டி வீடியோவில் வெளிச்ச அளவைக் கணக்கிடும்போதும் பச்சையின் பங்கு 70 சதவீதத்துக்கு மேல். இன்னொன்று, பெரும்பாலான கேமராக்கள் பதிவு செய்வது 4:2:0 வீடியோ. அதாவது 1920×1080 படத்தில் நிறத்துக்கான விவரம் 960×540 அளவுக்குத்தான் இருக்கும். நிறத்தை வைத்து வெட்டும் வேலைக்கு நிற விவரமே கால்வாசி! வெளிச்சத்தோடு நெருக்கமான பச்சை அந்தக் குறையைக் கொஞ்சம் ஈடுகட்டும். நீலத் துணிக்கு லைட்டும் கூடுதலாக வேண்டும்.

இதெல்லாம் எல்லா ஊருக்கும் பொருந்தும். நம்மூருக்கு மட்டும் உள்ள கஷ்டம் வேறு. வாசலில் குலை தள்ளிய வாழைமரம், நிலையில் மாவிலை, தட்டில் வெற்றிலை, பெருமாள் கோயில் என்றால் துளசி மாலை, மாமியார் உடம்பில் கிளிப்பச்சைப் பட்டு. இவ்வளவையும் பச்சைத் துணிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவார்கள். ஒருமுறை வளைகாப்பு லைவில் ஒரு பெரியம்மாவின் சேலை முழுக்க மறைந்து, தலையும் கையும் மட்டும் குற்றால அருவியில் மிதந்தன. குடும்பமே சிரித்தது. எனக்கு வியர்த்தது. அன்றிலிருந்து வண்டியில் பச்சை ஒன்று, நீலம் ஒன்று என்று இரண்டு துணி இருக்கும். புக்கிங் எடுக்கும்போதே என்ன நிறம் உடுத்துவீர்கள், என்ன மாலை என்று கேட்டுவிடுங்கள். மயில்கழுத்து நிறப் பட்டு வந்தால் இரண்டு துணியுமே ஆபத்து. அதற்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி மாற்றச் சொல்ல வேண்டும்.

பந்தல்காரரிடம் இருக்கிற பச்சைத் துணி போதாதா?

போதாது. பந்தல் துணி மெல்லிசு, பின்னால் இருப்பது தெரியும். சாட்டின் பளபளக்கும், அந்தப் பளபளப்பு கேமராவுக்கு வெள்ளையாகத் தெரியும். நர்சரியில் போடும் நிழல்வலையை ஒருவர் மாட்டிப் பார்த்தார், அதைப் பற்றிப் பேசவே வேண்டாம். மங்கலான, கனமான, ஒரே நிறத் துணிதான் வேண்டும். ஸ்டூடியோ நிரந்தரம் என்றால் சுவருக்கே பளபளப்பில்லாத பச்சை பெயிண்ட் அடித்துவிடுங்கள். சுருக்கம் என்ற பேச்சே இருக்காது.

சின்ன அறைதான் இருக்கிறது. எவ்வளவு இடம் வேண்டும்?

ஆளுக்கும் துணிக்கும் நடுவே ஆறடி, ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே எட்டுப் பத்து அடி. மொத்தம் ஒரு பதினைந்தடி நீளம். நம்ம வீட்டு ஹால் நீளவாக்கில் இருந்தால் சரியாக இருக்கும், இல்லாவிட்டால் மூலைக்கு மூலை போட்டுப் பாருங்கள்.

இந்த ஆறடிக்கு இரண்டு காரணம். துணியில் பட்ட வெளிச்சம் பச்சையாகத் திரும்பி வந்து தோளிலும் தாடையிலும் காதோரத்திலும் ஒட்டும், இதுதான் நீங்கள் சொல்லும் பச்சைக் கோடு. தள்ளி உட்கார உட்கார அது வேகமாகக் குறையும். இரண்டாவது, ஆளின் நிழல் துணியில் விழாது. இன்னொரு லாபமும் உண்டு: துணி ஃபோகஸிலிருந்து விலகுவதால் சின்னச் சுருக்கங்கள் மங்கிப்போகும்.

பத்துக்குப் பத்து அறை என்றால் முழு உருவத்துக்கு ஆசைப்படாதீர்கள். இடுப்புக்கு மேல் ஷாட், நாற்காலியில் ஆள், அவ்வளவுதான். கால் தெரிந்தால் தரையிலும் பச்சை விரிக்க வேண்டும், கால் நிழலைக் காப்பாற்ற வேண்டும். அது வேறு தலைவலி.

லைட் எப்படி வைப்பது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

துணிக்கு லைட் தனி, ஆளுக்கு லைட் தனி. முதலில் ஆளை வெளியே அனுப்பிவிட்டுத் துணியை மட்டும் ஒளியேற்றுங்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒவ்வொரு எல்இடி பேனல், அல்லது செங்குத்தாக நிறுத்திய டியூப் லைட். நடுவில் வெளிச்சம், ஓரத்தில் இருட்டு என்று இருக்கக் கூடாது. பிரகாசம் முக்கியமில்லை, சமமாக இருப்பதுதான் முக்கியம். வேவ்ஃபார்ம் (படத்தின் வெளிச்சத்தை 0-லிருந்து 100 வரை காட்டும் வரைபடம்) பார்க்க வசதி இருந்தால் துணி 50-லிருந்து 60-க்குள் ஒரே மட்டமான கோடாகப் படுத்திருக்க வேண்டும். அந்த வசதி இல்லாதவர்கள் கேமராவில் ஜீப்ரா (குறித்த வெளிச்சத்தை எட்டிய இடத்தில் வரி போட்டுக் காட்டும் வசதி) அளவைக் குறைத்து வைத்து, வரிகள் துணி முழுக்க ஒன்றாக வருகின்றனவா என்று பாருங்கள். அதுவும் இல்லையா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாருங்கள். திட்டுத் திட்டாகத் தெரிந்தால் கேமராவுக்கும் அப்படித்தான் தெரியும்.

பலர் துணிக்கு லைட்டைக் கொட்டுகிறார்கள். லைட்டைக் கூட்டினால் பச்சை வெளுக்கும், வெளுத்த பச்சை சரியாகக் கழியாது, ஆள் மேல் தெறிக்கும் பச்சையும் கூடும்.

துணி சரியானபின் ஆளைக் கூப்பிடுங்கள். முகத்துக்கு ஒரு பக்கம் பெரிய சாப்ட்பாக்ஸ், மறுபக்கம் அதைவிடக் குறைவாக ஒன்று. பின்னால் மேலிருந்து தலைக்கும் தோளுக்கும் ஒரு லைட். இந்தப் பின் லைட்தான் ஆளைத் துணியிலிருந்து பிரித்துக் காட்டும், ஒட்டிய பச்சையையும் கழுவிவிடும். இதை விட்டுவிட்டு செட்டிங்கில் தேடுகிறவர்கள்தான் அதிகம்.

நம்ம ஆட்களின் நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கருத்த முகத்தை வெளுப்பாக்கவென்று பவுடரை அப்பி லைட்டைக் கூட்டுவது கல்யாண போட்டோ காலத்திலிருந்து வரும் பழக்கம். எனக்கு அது பிடிக்காது, கீக்கும் ஆகாது. முகத்தின் நிழல் பக்கத்தில்தான் பச்சை அதிகம் தெரியும். அந்தப் பக்கத்துக்கு மெதுவான நிரப்பு வெளிச்சம் கொடுங்கள், நிறம் அதன் அழகோடே வரும். பவுடர் வியர்வைப் பளபளப்பைப் போக்குகிற அளவுக்கு இருந்தால் போதும்.

அப்புறம் ஃபேன். சித்திரை வெயிலில் ஃபேன் இல்லாமல் யாரும் உட்கார மாட்டார்கள். ஃபேன் ஓடினால் துணி அலையும், அலையும் துணியில் நிழல் ஓடும், ஓடும் நிழல் படத்தில் புகை மாதிரி வரும். டேபிள் ஃபேனை ஆளின் காலுக்கு நேரே தாழ்வாக வைத்து, துணியின் அடியில் கனமான பைப்பைக் கோத்துத் தொங்க விடுங்கள். ஏசி இருந்தால் புண்ணியம்.

கேமராவில் என்ன செய்ய வேண்டும்?

ஆட்டோ என்று எழுதியிருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். வெள்ளைச் சட்டைக்காரர் உள்ளே வந்ததும் எக்ஸ்போஷர் இறங்கினால், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த பச்சை வேறு பச்சையாகிவிடும். ஒயிட் பேலன்ஸும் அப்படித்தான். ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) குறைவாக இருக்கட்டும். ஷார்ப்னஸைக் குறையுங்கள், இல்லாவிட்டால் ஓரத்தில் கேமராவே ஒரு கோடு போட்டுத் தரும்.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 25 அல்லது 50 ஃப்ரேம், ஷட்டர் 1/50 அல்லது 1/100. மொபைலும் வெப்கேமும் 30 ஃப்ரேமில் ஷட்டர் 1/60 வைத்தால், விலை மலிவான எல்இடி பல்பின் கீழே துணியில் பட்டை பட்டையாக ஓடும். கேமரா மெனுவில் என்டிஎஸ்சி (NTSC) என்று இருந்தால் பால் (PAL) என்று மாற்றுங்கள்.

ஓபிஎஸ்-ல் எந்த ஸ்லைடரை எப்படி நகர்த்துவது?

ஓபிஎஸ் என்பது கம்ப்யூட்டரில் லைவ் போடும் இலவச சாப்ட்வேர். அதில் சோர்ஸ், அதாவது உங்கள் கேமராப் படம், மேல் ரைட் கிளிக், ஃபில்டர்ஸ், குரோமா கீ. உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஆட்டாதீர்கள். ஸ்மூத்னஸ், ஸ்பில் இரண்டையும் அடியில் இறக்கிவிட்டு, சிமிலாரிட்டியை (எவ்வளவு தூரம் வேறுபட்ட பச்சையையும் கழிப்பது என்ற அளவு) கீழிருந்து மெதுவாக ஏற்றுங்கள். பின்னணி முழுக்கப் போன இடத்தில் நிறுத்துங்கள், அதற்கு மேல் ஒரு புள்ளிகூட வேண்டாம். சட்டையில் ஓட்டை விழுந்தால் கூட்டியது அதிகம். பிறகு ஓரம் கரடுமுரடு போகிற அளவு ஸ்மூத்னஸ். கடைசியில் ஸ்பில், பச்சைச் சாயம் போகிற அளவு. அதற்கு மேல் போனால் முகம் ரோஸ் அடித்த மாதிரி ஆகிவிடும்.

பார்க்கும்போது பின்னணியில் அழகான படத்தை வைத்துப் பார்க்காதீர்கள். பளிச்சென்று சிவப்போ வெள்ளையோ வைத்துப் பாருங்கள், குறையெல்லாம் வெளியே வந்துவிடும். துணிக்கு வெளியே தெரியும் சுவரையும் லைட் ஸ்டாண்டையும் கீ செய்யப் பார்க்காமல் க்ராப் ஃபில்டரில் வெட்டிவிடுங்கள்.

மிக்ஸரிலேயே கீ செய்யலாமா, கம்ப்யூட்டரில் செய்வது நல்லதா?

ஏடெம் மினி போன்ற மிக்ஸர் இருந்தால் அதிலேயே. கேமராவின் எச்டிஎம்ஐ அப்படியே உள்ளே போகும், சுருக்கப்படுவதற்கு முன்பே கீ நடந்துவிடும். மலிவான யுஎஸ்பி கேப்சர் ஸ்டிக் படத்தை எம்ஜேபெக்காகச் சுருக்கித்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். ஓரங்களில் சின்னச் சின்னக் கட்டம் தெரிவது அதனால்தான்.

ஏடெம் மினியில் குரோமா கீ செய்யும் பகுதி, அதாவது அப்ஸ்ட்ரீம் கீயர், ஒன்றுதான். பெயர்ப்பட்டைக்கும் லோகோவுக்கும், எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாக ஒட்டும் டவுன்ஸ்ட்ரீம் கீயரைப் பயன்படுத்துங்கள். இரண்டு கேமராவையும் கிரீன் மேட்டில் வைத்து மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றால், ஒவ்வொரு கேமராவுக்கும் அதன் கோணத்துக்கு ஏற்ற பின்னணி வேண்டும், கீ அளவுகளும் மாறும். இந்த மாற்றமெல்லாம் ஒரே பட்டனில் நடக்கும்படி மேக்ரோ எழுதி வைக்கலாம். ஆனால் ஆரம்பிக்கிறவர்களுக்கு என் யோசனை: ஒரே கேமரா, ட்ரைபாடில் ஆணியடித்த மாதிரி. கேமரா அசைந்து பின்னணி அசையாவிட்டால் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

மல்லிகைப்பூ, ஜிமிக்கி, எண்ணெய் வைத்த தலை?

மூன்றுமே சோதனைதான். மல்லிகையும் பிச்சியும் வெள்ளை, பக்கத்தில் எந்த நிறம் இருந்தாலும் வாங்கிக்கொள்ளும். துணியிலிருந்து தள்ளி உட்கார வைத்து, பின் லைட்டை நன்றாகக் கொடுத்தால் பூ பூவாகத் தெரியும். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை உண்மையில் நமக்குச் சாதகம், பறக்கும் முடி இருக்காது. உச்சியில் பளபளப்புப் பச்சையடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஜரிகையும் ஜிமிக்கியும் கண்ணாடி மாதிரி, அவற்றுக்குள் துணியே தெரியும். ஆளைக் கொஞ்சம் திருப்பி உட்காரச் சொல்லுங்கள். மூக்குக்கண்ணாடிக்கும் அதே வைத்தியம்.

வில்லுப்பாட்டுக் குழுவை கிரீன் மேட்டில் எடுக்கலாமா?

எடுத்திருக்கிறோம். கொடைக்கு ஊருக்கு வர முடியாமல் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிறவர்கள் கேட்டார்கள் என்று, சுடலைமாடன் கதையைக் கோயில் படத்தைப் பின்னால் வைத்துப் பாடச் சொன்னோம்.

வீசுகோல் விழும் வேகத்தில் கோலே காணாமல் போனது! 1/50 ஷட்டரில் கோல் பச்சையோடு கலந்து கோடாக இழுபடும், கீ அதைத் துணி என்று நினைத்துக் கழித்துவிடும். 50 ஃப்ரேமுக்கும் 1/100-க்கும் மாற்றி, லைட்டை அதற்கேற்பக் கூட்டியதும் கோல் திரும்பி வந்தது. வில்லில் கோத்த மணிகள் வெண்கலம், அவற்றில் பச்சை மின்னியது. அதை முழுதாகப் போக்க முடியவில்லை, குழுவை இன்னும் இரண்டடி முன்னால் இழுத்ததில் குறைந்தது. குடத்துக்கும் வில்லுக்கும் அடியில் தரை தெரிவதால் ஜமுக்காளத்தையே விரித்து, அதற்குக் கீழே படத்தை வெட்டிவிட்டோம்.

சூடம் கொளுத்துகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். சுடரும் சாம்பிராணிப் புகையும் பாதி ஊடுருவித் தெரிபவை, கீயில் அசிங்கமாகக் கிழியும். அதைவிட, பாலியெஸ்டர் துணிக்குப் பக்கத்தில் நெருப்பு ஆகவே ஆகாது.

வரைபடத்தைக் காட்டிப் பாடம் நடத்தினால் கை வேறு இடத்துக்குப் போகிறதே?

ஆசிரியருக்கு முன்னால் இருப்பது வெறும் கேமரா, வரைபடம் டிவியில்தான் இருக்கிறது. தாமிரபரணியைக் காட்டச் சொன்னால், பொதிகை மலை படத்தில் இடப்பக்கம் என்பதால் அவர் தன் இடது கையை நீட்டுவார். பார்க்கிறவர்களுக்குக் கை புன்னைக்காயல் கடலுக்குள் நிற்கும். ஒரு மானிட்டரைக் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்து, அவர் பார்க்கும் படத்தை மட்டும் கண்ணாடியில் தெரிவது போல் இடவலமாகத் திருப்பிக் கொடுங்கள். வெளியே போகும் படத்தைத் திருப்பிவிடாதீர்கள், வரைபடத்து எழுத்தெல்லாம் இடவலமாகத் திரும்பிவிடும்.

பின்னணிக்கு என்ன படம் வைப்பது?

எல்லோரும் கேட்பது பாபநாசம் அருவி. ஓடும் தண்ணீர் வீடியோவை லைவில் பின்னணியாக வைத்தால், ஒவ்வொரு ஃப்ரேமிலும் படம் முழுக்க மாறுவதால் இணையத்தில் அனுப்புவதற்காகப் படத்தைச் சுருக்கும் என்கோடர் தன் பிட்ரேட்டையெல்லாம் (நொடிக்கு அனுப்பக்கூடிய டேட்டா) தண்ணீருக்கே செலவழிக்கும். 720-ல் 4 எம்பிபிஎஸ் அனுப்புகிற இணைப்பில் முகம் கட்டம் கட்டமாகிவிடும். அருவியின் நிற்கும் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி வையுங்கள், ஆள் தெளிவாக நிற்பார்.

படத்தை எடுத்த உயரமும் உங்கள் கேமரா உயரமும் ஒத்துப்போக வேண்டும். நெல்லையப்பர் தேரை மொட்டைமாடியிலிருந்து எடுத்த படத்தில் ஆளை நேர்மட்டத்தில் வைத்தால், அவர் ரதவீதிக்கு மேலே மிதப்பார். படத்தில் வெயில் இடப்பக்கமிருந்து வந்தால் முகத்துக்கும் இடப்பக்கமிருந்தே லைட்.

பேச்சும் உதடும் ஒட்டவில்லை.

கேப்சர் கார்டிலும் கீயிலும் படம் தாமதமாகிறது, மைக் நேராக வந்துவிடுகிறது. கேமரா முன் ஒருமுறை கைதட்டிப் பதிவு செய்து, எத்தனை ஃப்ரேம் வித்தியாசம் என்று எண்ணுங்கள். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேமுக்கு 40 மில்லிசெகண்ட் வீதம் பெருக்கி, ஓபிஎஸ்-ன் சிங்க் ஆஃப்செட்டில் ஆடியோவைத் தாமதப்படுத்துங்கள்.

வெளியே, வெட்டவெளியில் கட்டலாமா?

பணகுடிப் பக்கம் காற்றாலை ஏன் நிற்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆனி, ஆடியில் அந்தக் காற்றுக்கு உங்கள் பத்தடித் துணி பாய்மரமாகிவிடும், ஸ்டாண்டோடு போய்விடும். மேகம் வந்து போக வெளிச்சமும் மாறும்.

துணியே இல்லாமல் ஏஐ பின்னணியை நீக்குகிறதே, அது போதாதா?

ஒருவர் உட்கார்ந்து பேசுகிற மீட்டிங்குக்குப் போதும். விரலை விரித்தால், பூ வைத்தால், கையில் புத்தகம் எடுத்தால் அது குழம்பும். வில்லுப்பாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தேன், வில்லையே பின்னணி என்று நினைத்து எடுத்துவிட்டது.

பார்க்கிறவர்கள் நிஜம் என்று நினைத்துவிட மாட்டார்களா?

நினைப்பார்கள். ஒரு வாழ்த்துச் செய்தியைத் திருச்செந்தூர்க் கடற்கரைப் படத்தோடு லைவ் போட்டோம். மறுநாள் பேசியவரின் ஆச்சி போன் போட்டு, "ஏய்யா, எப்பம்யா திருச்செந்தூருக்குப் போன? சொல்லியிருந்தா நானும் வந்திருப்பேம்லா" என்று வருத்தப்பட்டிருக்கிறார். சாமி சன்னதிப் படத்தை வைக்கும்போது ஓரத்தில் "பின்னணிப் படம்" என்று ஒரு வரி போட்டுவிடுகிறேன். வாடிக்கையாளர் வேண்டாம் என்றாலும் போடுவேன்.

லைவில் கீ சொதப்பிவிட்டால் பிறகு சரிசெய்ய வழி உண்டா?

பச்சையோடு இருக்கும் கேமராப் படத்தைத் தனியாகப் பதிவு செய்து வைத்திருந்தால் உண்டு. கேமரா கார்டிலேயே ரெக்கார்ட் போட்டுவிடுங்கள். ஏடெம் மினி ப்ரோ ஐஎஸ்ஓ என்றால் ஒவ்வொரு இன்புட்டையும் அதுவே தனித்தனியாகப் பதிந்துகொள்ளும். யூடியூபில் நிற்கப்போகும் வீடியோவையாவது மறுபடி கீ செய்து மாற்றிப் போடலாம்.

துணியை மடித்து வைத்தால் மடிப்புக் கோடு போகவே மாட்டேன் என்கிறது.

மடிக்காதீர்கள். பிவிசி பைப்பில் சுருட்டிப் பழைய வேட்டியில் பொதிந்து வையுங்கள். ஏற்கெனவே விழுந்த கோட்டுக்கு, முந்தின நாள் ராத்திரியே துணியை இழுத்துக் கட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் காய்ந்து நேராகியிருக்கும்.